யெவ்கேனி வக்தாங்கொவ்: ஒளிக்காமல் காட்டிய நாடகம்



மேடையில் ஒருவர் அழுகிறார். அது நடிப்பு என்பது நமக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நம் கண் கலங்குகிறது. அப்படியானால் நடிப்பை நடிப்பென்று மறைக்கத்தான் வேண்டுமா? இந்தக் கேள்விக்கு மேடையிலேயே விடை தந்த ரஷ்ய நடிகர், இயக்குநர் யெவ்கேனி வக்தாங்கொவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

காக்கசஸ் மலையடிவாரத்து விளாதிகவ்காஸ் நகரில் 1883இல் பிறந்தார். தந்தை புகையிலைத் தொழிற்சாலை உரிமையாளர். மகன் தொழிலை ஏற்கவில்லை, நாடகத்தை நாடினார். 1911இல் மாஸ்கோ கலை அரங்கில் சேர்ந்தார். அங்கே இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, நடிகர் பாத்திரத்தின் உணர்வை உள்ளிருந்தே வாழவேண்டும் என்ற தம் பயிற்சி முறையை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதை நன்கு உள்வாங்கி, இளைய நடிகர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பையும் ஏற்றார் வக்தாங்கொவ். அந்த அரங்கின் இளைய நடிகர் குழுவான முதல் ஸ்டுடியோவில், ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸின் கதையிலிருந்து எழுந்த நாடகத்தில் டாக்கில்டன் என்ற கல்நெஞ்சப் பொம்மை வியாபாரியாக நடித்துப் பெயர் பெற்றார்.

ஆனால் அந்த அரங்கின் பாணியில் வீட்டு வரவேற்பறையை அப்படியே மேடையில் நகலெடுப்பது அவருக்குப் போதவில்லை. மறுபக்கம் இயக்குநர் மேயர்ஹோல்த், உடல் அசைவையும் வடிவத்தையும் முன்னிறுத்தி ரஷ்ய மேடையையே புரட்டிப்போட்டுக்கொண்டிருந்தார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியிடம் உள்ளத்தின் உண்மை, மேயர்ஹோல்திடம் மேடையின் துணிச்சல். இரண்டையும் ஒன்றாக்கியதே வக்தாங்கொவின் சாதனை.

1921இல் ஸ்வீடிஷ் நாடகாசிரியர் ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் ‘பதினான்காம் எரிக்’ நாடகத்தைப் போட்டார். மன்னராக மிகயீல் செகாவ் நடித்தார். அரண்மனைவாசிகள் சிலைகளைப்போல் விறைத்து நின்றார்கள், குடிமக்களோ உயிருள்ள மனிதர்களாக நடமாடினார்கள். சாகும் உலகம் எது, வாழும் உலகம் எது என்பதை வசனம் சொல்லவில்லை, உடல் சொன்னது.

அடுத்து, எபிரேய நாடகக் குழுவான ஹபிமாவுக்காக ‘திப்புக்’ நாடகத்தை இயக்கினார். இறந்த காதலனின் ஆவி மணப்பெண்ணுக்குள் புகும் யூதக் கதை இது. நாடகம் எபிரேய மொழியில் நடந்தது, இயக்குநருக்கோ அந்த மொழி தெரியாது. அதனால் ஓசை, அசைவு, முகம் ஆகியவற்றைக் கொண்டே கதை விளங்கவேண்டும் என்று வலியுறுத்தினார். வெள்ளையுடை மணமகளைச் சுற்றிப் பிச்சைக்காரர்கள் ஆடும் கோரமான நடனம் நாடக வரலாற்றில் நிலைத்த காட்சி. ஹபிமா பல பத்தாண்டுகள் அந்த நாடகத்தை விடாமல் நடத்தியது.

பிறகு வந்ததுதான் ‘இளவரசி துராந்தோத்’. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய பசியும் குளிரும் மாஸ்கோவை வாட்டிய காலம். வக்தாங்கொவின் வயிற்றிலோ புற்றுநோய். அந்த நேரத்தில் அவர் தேர்ந்தெடுத்தது இத்தாலிய நாடகாசிரியர் கோத்ஸியின் விளையாட்டுக் கதை! நடிகர்கள் விருந்துக்குப் போகும் உடையில் பார்வையாளர் முன் வந்து தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள். கண்ணெதிரிலேயே வண்ணத் துணிகளைச் சுற்றி வேடம் பூண்டார்கள். துண்டு ஒன்று தாடி ஆனது. சீப்பில் காகிதம் வைத்து ஊதியதும் இசையாயிற்று.

இது வெறும் வேடிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. சிரிக்கவைத்த அதே நடிகர் அடுத்த நொடியில் உண்மையாகக் கலங்கவேண்டும், கலங்கிய கையோடு மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. உள்ளே உணர்வு இல்லாதவர் துண்டைத் தாடி என்றால் நாம் நம்பமாட்டோம். உணர்வு இருந்தால் துண்டே போதும். ஆகவே இந்த விளையாட்டுதான் நடிகருக்கு மிகக் கடினமான தேர்வு என்பது என் கருத்து.

1922 பிப்ரவரி இறுதியில் நாடகம் அரங்கேறியது. காய்ச்சலோடு இரவு முழுக்க ஒத்திகை நடத்திய இயக்குநர், அதற்குள் படுத்த படுக்கையாகிவிட்டார். மக்கள் முன் தம் நாடகம் நடந்ததை அவர் பார்க்கவே இல்லை. நாடகத்தைக் கண்டு மகிழ்ந்த ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தம் பாராட்டை மாணவருக்குச் சேர்ப்பித்தார். அதே ஆண்டு மே 29 அன்று, 39 வயதில், வக்தாங்கொவ் மறைந்தார்.

மாஸ்கோவின் அர்பாத் தெருவில் அவர் பெயரில் இன்றும் அரங்கம் இயங்குகிறது. நடிப்புப் பயிலும் இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றே. பொருள் இல்லை, பகட்டான மேடை இல்லை என்று தயங்காதீர்கள். எதை எதுவாகக் காட்டுகிறோம் என்பதை மறைக்கவும் வேண்டாம். உங்கள் உணர்வில் பொய் இல்லாதவரை பார்வையாளர் உங்களோடு வருவார்கள். வக்தாங்கொவின் நாடகங்கள் அதை நிரூபித்துவிட்டன.