கேமராவை அடியாளாக்கியது யார்?



2016 அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் அமெரிக்காவில் பல மணி நேரம் முடங்கின. இணையப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டதே காரணம். தாக்கியவை எவை? கண்காணிப்புக் கேமராக்களும் வீட்டு ரவுட்டர்களும்! 'மிராய்' என்ற தீநிரல் அவற்றைக் கைப்பற்றியிருந்தது.

தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லோடு இயங்கும் கருவிகளை மிராய் தேடும். அறுபதுக்கும் மேற்பட்ட கடவுச்சொற்களை முயன்று உள்ளே நுழையும். பின்னர் எங்கிருந்தோ கட்டளை வந்ததும் எல்லாக் கருவிகளும் ஒரே இலக்கின் மீது கோரிக்கைகளைக் குவிக்கும். கேமரா வழக்கம்போல் படம் காட்டிக்கொண்டிருக்கும். உரிமையாளர் எதையும் அறியார். இந்நிரலை எழுதியது உளவுப்படை அல்ல. மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை முடக்கிக் காசு பார்க்க முனைந்த மூன்று இளைஞர்கள்.

'கடவுச்சொல்லை மாற்றியிருக்க வேண்டும்' என்று மக்களுக்கு உபதேசிக்கிறார்கள். மாற்றவே முடியாதபடி கடவுச்சொல்லை உள்ளேயே பதித்து விற்கப்பட்ட கேமராக்களும் அவற்றில் இருந்தன. செலவை மிச்சப்படுத்தியது உற்பத்தியாளர். பழி வாங்கியவர் மீது!

கலிஃபோர்னியாவில் எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல் இட்டு விற்பதற்கு 2020 முதல் சட்டத் தடை உண்டு. நமது மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா, தொற்றை நீக்கும் மென்பொருளை இலவசமாகத் தருகிறது; நல்லதுதான். ஆனால் விற்றவரை விட்டுவிட்டு, வாங்கியவர் கையில் துடைப்பத்தைக் கொடுப்பது தீர்வாகாது.

ஒன்று நம் கையில் உள்ளது. கருவியை அணைத்துப் போட்டால் மிராய் அழியும். பழைய கடவுச்சொல்லே இருந்தால் சில நிமிடங்களில் மீண்டும் தொற்றும். கட்சி அலுவலகக் கேமராவின் கடவுச்சொல் என்னவென்று இன்று மாலையே பாருங்கள்.