ஓடத் தெரிந்தவன் ஏன் நிற்கிறான்?

கதையமைப்பைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது நாவலோ சிறுகதையோ இல்லை. 'தி ஃப்ளாஷ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 2014 அக்டோபரில் சிடபிள்யூ அலைவரிசையில் தொடங்கி, ஒன்பது சீசன்கள் ஓடி, 2023 மே மாதம் முடிந்தது. பேரி ஆலன் என்ற காவல்துறைத் தடயவியல் நிபுணன்மேல் மின்னல் பாய்கிறது. ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து எழுந்தால், ஒலியை முந்தும் ஓட்டம் அவன் கால்களுக்கு வந்திருக்கிறது. இப்படிப்பட்டவன் வாரந்தோறும் ஒரு திருடன் எதிரே வந்து நிற்கிறான், நின்று பேசுகிறான், பேசுகிற நேரத்தில் அடியும் வாங்குகிறான். இமைப்பொழுதில் ஊரைச் சுற்றி வருகிறவன் எதிராளி கையிலிருக்கும் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு போகவேண்டியதுதானே? பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கும் கேள்வி இது. இதைவிட நல்ல கேள்வியை எந்தத் திறனாய்வாளரும் இந்தத் தொடரிடம் கேட்டுவிட முடியாது என்பதால் இதையே பிடித்துக்கொள்கிறேன்.

'மின்னல் பாய்ந்தவன் ஓடுகிறான் என்பதையே ஒப்புக்கொண்டாயிற்று. அப்புறம் தர்க்கம் எதற்கு?' என்று தட்டிக்கழிப்பவர்கள் உண்டு. இரணியன் கதையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். மனிதனாலும் விலங்காலும் சாவில்லை, பகலிலும் இரவிலும் சாவில்லை, உள்ளேயும் வெளியேயும் சாவில்லை என்று வரம் வாங்கியவன் அவன். அவனைக் கொல்ல வந்தது சாட்சாத் கடவுள். கடவுளுக்கு வரத்தை மீறத் தெரியாதா? ஆனாலும் கதை அந்திப்பொழுது வரை காத்திருக்கிறது, வாசற்படியைத் தேடிப் போகிறது, நரசிங்கத்தை வரவழைக்கிறது. ஒரு நிபந்தனையைக்கூட அது மீறவில்லை. அற்புதம் பெரிதாகப் பெரிதாக விதி இறுக வேண்டும் என்பதை நம் கதைசொல்லிகள் அறிந்திருந்தார்கள். சாதாரண மனிதனின் கதையில் ஒருவன் ஒன்றைச் செய்யாமல் விட்டால், அவனால் முடியவில்லை என்ற பதிலே போதும். எல்லாம் முடிந்தவனுக்கு அந்தப் பதில் கிடையாது. அவன் செய்யாமல் விட்ட ஒவ்வொன்றும் அவனுடைய தேர்வு. தேர்வென்றால் அதற்கொரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் அவன் மனத்திலிருந்து புறப்பட வேண்டும். ஆகவே, சூப்பர் ஹீரோ கதையில் பாத்திரத்தின் நோக்கம்தான் கதையின் தர்க்கம் என்பது என் கட்சி. அறிவியலில் ஓட்டை விழுந்தால் கதை பிழைத்துக்கொள்ளும். நோக்கத்தில் விழுந்தால் பிழைக்காது.

பேரி ஆலன் என்ற பாத்திரத்தின் வரலாறே இதற்குச் சாட்சி. 1956-இல் காமிக்ஸில் அவன் முதன்முதலாக வந்தபோது அவனுக்குப் பெரிய துயரம் எதுவும் கிடையாது. வேகம் வந்தது, நல்ல மனிதன், நல்லது செய்தான், அவ்வளவுதான். அவனுடைய தாய் கொலையுண்டாள், செய்யாத அந்தக் கொலைக்குத் தந்தை சிறை போனார் என்ற பின்கதையை 2009-இல்தான் ஜெஃப் ஜான்ஸ் எழுதிச் சேர்த்தார். அரை நூற்றாண்டு கழித்து ஒட்டப்பட்ட நோக்கம் அது. தொலைக்காட்சித் தொடரை உருவாக்கிய மூவரில் அவரும் ஒருவர் என்பதால் தொடர் அந்தத் துயரத்திலிருந்தே தொடங்குகிறது. இதைச் சிலர் மலிவான உத்தி என்பார்கள். அப்படியல்ல என்று முதல் சீசன் காட்டுகிறது. கொலைகாரனும் வேகமாக ஓடியவன். அவனைப் பிடிக்கப் பேரி இன்னும் வேகமாக ஓட வேண்டும். ஆக, ஆற்றலும் ஆசையும் ஒரே திசையில் இழுக்கின்றன.

அந்தக் கொலைகாரனைப் பாருங்கள். எதிர்காலத்திலிருந்து வந்த இயோபார்ட் தாவ்ன். சிறுவன் பேரியைக் கொல்ல 2000-ஆம் ஆண்டுக்கு வந்தவன், அது கைகூடாத ஆத்திரத்தில் தாய் நோராவைக் கொல்கிறான். திரும்பிப் போகப் பார்த்தால் வேகம் போய்விட்டது. ஊர் திரும்ப அவனுக்கு ஒரே வழி, பேரி ஃப்ளாஷ் ஆவது. ஆகவே ஹாரிசன் வெல்ஸ் என்ற விஞ்ஞானியைக் கொன்று அவர் உருவத்தில் புகுந்துகொள்கிறான். 2020-இல் வரவேண்டிய துகள் முடுக்கியை 2013-இலேயே கட்டி முடிக்கிறான். அதைக் கொண்டே பேரிக்கு வேகம் வரும்படி செய்கிறான். பிறகு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் ஆசானாகவும் ஆகிறான். தன் பகைவனைத் தானே ஊட்டி வளர்க்க வேண்டிய நிலை. அவன் செய்யும் ஒவ்வொரு நன்மையும் உண்மையான நன்மைதான். நோக்கம் மட்டும் நஞ்சு. இதில் இன்னொரு நுட்பம் உண்டு. சக்கர நாற்காலியில் வலம் வரும் வெல்ஸ் யாரும் பார்க்காதபோது எழுந்து நிற்பதை முதல் எபிசோடின் கடைசியிலேயே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். 'யார்' என்ற கேள்வியை அங்கேயே பாதி தீர்த்துவிட்டு, 'ஏன்' என்ற கேள்வியோடு மீதி 22 எபிசோடுகளையும் நடத்துகிறார்கள். கதாநாயகனுக்கு முன்பே பார்வையாளருக்குத் தெரிகிறது. அந்த இடைவெளிதான் நம்மை உட்கார வைக்கிறது.

தொடங்கிய கேள்விக்கு வருகிறேன். வேகமே இல்லாத லியோனார்ட் ஸ்னார்ட், அதாவது கேப்டன் கோல்ட், ஃப்ளாஷை எப்படி மடக்குகிறான்? உறைய வைக்கும் துப்பாக்கியால் என்பது பாதிப் பதில்தான். பேரியின் நண்பன் சிஸ்கோ, பேரியை அறிவதற்கு முன், ஒருவேளை அவன் கெட்டவனாக இருந்தால் என்ற அச்சத்தில் செய்துவைத்த துப்பாக்கி அது. அந்த ஆயுதத்துக்குக்கூட ஒரு மனக்காரணம் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஸ்னார்ட்டின் உண்மையான ஆயுதம் அவன் கண்டுபிடித்த ஓர் உண்மை: இவன் திருடனைப் பிடிப்பதைவிட உயிரைக் காப்பதையே முதலில் செய்வான். அதனால் ரயிலைத் தடம்புரளச் செய்கிறான். பயணிகளையெல்லாம் இழுத்துப் போட்டுக் களைத்து வரும் பேரி உறைந்து விழுகிறான். பேரியின் வேகத்தை விட்டுவிட்டு அவன் நோக்கத்தைக் குறிபார்த்த அடி இது. இந்த எபிசோடைப் பார்த்த பிள்ளை 'ஏன் பிடுங்கவில்லை?' என்று கேட்காது. (கடைசியில் ஸ்னார்ட்டை மிரட்டி அனுப்புவது விளக்குகள் பொருத்திய ஒரு வேக்வம் கிளீனர், அந்தக் குறும்பையும் ரசிக்கலாம்.) பிந்தைய சீசன்களில் எத்தனையோ எதிராளிகள் முன் பேரி சும்மா நின்று அடிவாங்கும்போது அந்தக் கேள்வி திரும்ப எழுகிறது. அங்கே அவனை நிறுத்திவைப்பது அவன் மனம் இல்லை, எபிசோடின் நீளம்.

அறிவியல் ஓட்டை பொறுக்கத்தக்கது என்றேனே, அதற்குச் சான்று முதல் சீசனின் முடிவு. பேரியின் சக காவலர் எடி, தாவ்னின் மூதாதை. தான் இறந்தால் தாவ்ன் பிறக்கவே மாட்டான் என்று தன் நெஞ்சிலேயே சுட்டுக்கொள்கிறான். தாவ்ன் மறைகிறான். தர்க்கப்படி பார்த்தால், பிறக்காதவன் நோராவை எப்படிக் கொன்றிருப்பான்? அந்த 15 ஆண்டுகளும் சரிந்திருக்க வேண்டாமா? ஒன்றும் சரியவில்லை. அடுத்த சீசனில் தாவ்ன் திரும்பவும் வருகிறான். இவன் அவனுடைய முந்தைய பருவத்து ஆள் என்று ஒரு சமாதானம் சொல்கிறார்கள். ஆனாலும் எடியின் சாவு நெஞ்சில் தைக்கிறது. உன் குலத்தில் வரலாறு மறந்த ஒரே ஆள் நீ, நீ காதலிக்கும் ஐரிஸ் இன்னொருவனுக்கு மனைவியாவாள் என்று தாவ்ன் அவனைக் குத்திக்காட்டியிருக்கிறான். விதி எழுதி முடித்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒருவன் தன் கையால் ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறான். கால முடிச்சு அவிழ்ந்து கிடக்கிறது. மனம் முழுமையாக இருக்கிறது.

மூன்றாம் சீசனின் எதிராளி சவிடார் இதற்கு நேர் எதிர். அவன் எதிர்காலப் பேரியின் ஒரு பிரதி. ஐரிஸைக் கொன்றால்தான் பேரி உடைவான், பேரி உடைந்தால்தான் தான் உண்டாவான் என்பது அவன் கணக்கு. முடிச்சு அழகாகக் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் நண்பர்களால் ஒதுக்கப்பட்ட ஒருவனின் வலியை, சீசன் முடியும் தறுவாயில் சில நிமிட வசனமாகக் கேட்கிறோம். முகமூடிக்குள் யார் என்ற மர்மத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால், ஏன் என்பதற்கு இடமில்லாமல் போயிற்று.

நல்ல சீசன் என்று நான் புகழ்ந்த முதல் சீசனிலும் பெரிய குறை இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. பேரியைப் போலவே அதிசய ஆற்றல் பெற்றுப் பிடிபட்ட மனிதர்களை, வெல்ஸின் ஆய்வுக்கூடமான ஸ்டார் லேப்ஸின் அடித்தளத்துக் கூண்டுகளில் அடைத்து வைக்கிறார்கள். வழக்கு இல்லை, வக்கீல் இல்லை, தண்டனைக் காலம் இல்லை. சாதாரணச் சிறை அவர்களைத் தாங்காது என்ற காரணம் சரியே. ஆனால் இதைச் செய்கிறவன் யார்? நிரபராதித் தந்தை சிறையில் இருக்க, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப்பக்கம் அமர்ந்து அவரோடு தொலைபேசியில் பேசி வளர்ந்த மகன். அவனுக்கு ஓர் இரவாவது தூக்கம் கெட்டிருக்க வேண்டாமா? அதேபோல பேரிதான் ஃப்ளாஷ் என்ற இரகசியத்தை ஐரிஸிடம் மறைப்பது அவளுடைய பாதுகாப்புக்காக என்கிறார்கள். ஆறாவது எபிசோடிலேயே இரும்பு உடல்கொண்ட ஒருவன் அவளைக் கடத்திப் போகிறான். அந்தக் காரணம் அன்றே செத்துவிட்டது. இருந்தும் எடிக்குத் தெரிந்த பிறகும் அவளுக்குத் தெரியவில்லை.

'மனிதர்கள் முரண்பட்டவர்கள்தானே?' என்று கேட்கலாம். முரண்படட்டும். முரண்படுகிறவனுக்கோ, அவனைச் சுற்றியிருப்பவர்களில் ஒருவருக்கோ அது உறுத்த வேண்டும். கதைக்குள் யாருக்குமே உறுத்தாத முரண், எழுதியவரின் கணக்கில்தான் வரும். 'ஆண்டுக்கு இருபதுக்கும் மேற்பட்ட எபிசோடு எழுதுகிறவர்களிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?' என்பது இன்னொரு கேள்வி. இதில் எனக்கு இரக்கம் உண்டு, இணக்கம் இல்லை. முதல் சீசனும் 23 எபிசோடுதான். அதே அவசரத்தில்தான் எழுதியிருக்கிறார்கள். அங்கே முடிந்தது பிறகு ஏன் முடியவில்லை என்பதற்கு எண்ணிக்கை பதிலாகாது.

பின்னாளிலும் அந்த எழுத்தாளர்களின் கை முழுக்க மரத்துப்போகவில்லை. இரண்டாம் சீசனில் தந்தையையும் பறிகொடுத்த பேரி, காலத்தில் பின்னோடி தாயைக் காப்பாற்றிவிடுகிறான். முதல் சீசனில் அதே அறையில் நின்று அவளைச் சாகவிட்டவன் அவன். இது முரண் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்று அவனைத் தாங்க ஒரு தந்தை இருந்தார், இப்போது இல்லை. மூன்று மாதம் பெற்றோருடன் வாழ்கிறான். பழைய நினைவுகள் ஒவ்வொன்றாக அழிகின்றன, உலகம் குலைகிறது. கடைசியில், தான் கூண்டில் அடைத்த தாவ்னிடமே போய், என் தாயைத் திரும்பக் கொல் என்று கேட்க வேண்டியதாகிறது. உலகிலேயே வேகமான மனிதன் செய்யக்கூடியது அங்கே எதுவுமில்லை. அவன் ஏன் நிற்கிறான் என்று கேட்கவும் நமக்கு வாய் வராது.

நண்பர்களே, ஒன்பது சீசன்களையும் பார்க்கச் சொல்லி உங்களை வதைக்க மாட்டேன். முதல் சீசனை முழுதாகப் பாருங்கள். எழுதுகிறவர்களாக இருந்தால் கையில் நோட்டுப் புத்தகத்தோடு பாருங்கள். இரண்டாவது உங்கள் விருப்பம். மூன்றாவதில் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டுத் தாராளமாக நிறுத்திக்கொள்ளலாம்.