ரோடு நடக்கிறவங்களுக்கும்தான்
(ராயகிரியில் குழு உறுப்பினர்களிடம் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றி எப்போதும் பேசுகிறோம். இன்று ரோட்டைப் பற்றிப் பேசுவோம். பிளஸ் ஒன் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்குது. ஆனா பிள்ளை வீடு திரும்புற வரைக்கும் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்?

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அந்தத் தைரியம் நமக்கும் உண்டு. ரோடுதான் இடம் கொடுக்கணும்.

கொடுக்க முடியுமா? முடியும். சென்னை தி.நகர் பாண்டி பஜார் எவ்வளவு நெரிசலான கடைவீதி! அங்கே முதலில் தற்காலிகத் தடுப்பு வைத்துச் சோதனை செய்தார்கள். பிறகு வண்டிப் பாதையைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கைகள் போட்டு, 2019 நவம்பரில் திறந்தார்கள்.

நமக்கு அவ்வளவு செலவு வேண்டாம். பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் பக்கத்தில் வேகத்தடை, ரோட்டைக் கடக்க வெள்ளைக்கோடு, சாக்கடைக்கு மூடி, தெருவிளக்கு போதும். ஆட்கள் நடமாடும் இடத்தில் வண்டி வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

என்ன செய்யலாம்? ஒவ்வொரு குழுவும் ஒருநாள் காலை ஒரு மணி நேரம் நின்று, நடந்து போகிறவர்கள், சைக்கிளில் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணி எழுதுவோம். தீர்மான நோட்டில் ஏற்றி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பேரூராட்சியில் மனு கொடுப்போம். நடக்கவில்லையா? தென்காசியில் திங்கட்கிழமை கலெக்டர் மனுநாள் இருக்கு. ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

தனியாகக் கேட்டால் கோரிக்கை. சேர்ந்து கேட்டால் உரிமை.