ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஓர் அறை



கார்த்திகை பிறந்தால் நம் கம்பம் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குமுளி வழியாகச் சபரிமலை போகிற வண்டிகள் விடிய விடிய ஓடும். என் அண்ணன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டியவர். வருஷம் தவறாமல் மாலை போடுவார். போட்டுவிட்டால் மலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு சொட்டுத் தொடமாட்டார். மாலையைக் கழற்றின அன்றைக்கே குவார்ட்டர் வீட்டுக்கு வந்துவிடும். மனசு வைத்தால் விட முடிகிறதே, இது திமிர்தானே என்று நாங்கள் ஏசினோம்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்த நாட்களில் ஊரே அவரைச் சாமி என்று கூப்பிட்டது. சாயங்காலமானால் பஜனைக்குப் போக ஓர் இடம் இருந்தது. பக்கத்தில் அதே விரதத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாலை இறங்கியதும் பத்துப் பேரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அண்ணனுக்கு மிச்சமிருந்தது ஜீப் ஸ்டாண்டு. அங்கே கட்டிங்குக்குப் பங்கு போட ஆள் காத்திருந்தது.

பக்கத்தில் தன்னைப் போல ஒரு ஆள் வேண்டும் என்ற தவிப்பு அண்ணனுக்கு மட்டுமல்ல. 1935-ஆம் வருஷம் மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்கிற ஊர். பில் வில்சன் என்ற பங்குத் தரகர் தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போய் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்து, ஊரிலுள்ள பாதிரியார்களிடம் விசாரிக்கிறார்: பேசுவதற்கு என்னைப் போல ஒரு குடிகாரர் வேண்டும்! அப்படிக் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் போதும் என்று உட்கார்ந்த மருத்துவர், பல மணி நேரம் எழுந்திருக்கவில்லை. ஜூன் மாதம் அவரும் குடியை நிறுத்தினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், நாம் ஏ.ஏ. என்கிறோமே, அது அங்கே பிறந்தது. 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. கட்டணம் கிடையாது, குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி.

அண்ணனுக்கு அந்த ஏ.ஏ. கூட்டம் மதுரையில் கிடைத்தது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்த கூட்டம் அது ஒன்றுதான். கம்பத்திலிருந்து பஸ்ஸில் போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி, கூட்டம் ஒன்றரை மணி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போய்விடும். கூலிக்குப் போகிறவர் வாரந்தோறும் இதைச் செய்ய முடியுமா? அண்ணன் செய்தார். ஆனால் மதுரையில் ஒரு வசதி இருந்தது என்று அவரே சொன்னார். அங்கே அவரைத் தெரிந்தவர் யாரும் இல்லை. நம் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் மாமன் மச்சான். எந்த வாசலில் எவன் நுழைகிறான் என்பது சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். இந்தக் கூச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் பக்கத்திலேயே கூட்டங்கள் நடந்தால், வேண்டுமானால் கம்பத்துக்காரர் சின்னமனூருக்குப் போகட்டும், போடிக்காரர் தேனிக்கு வரட்டும். மதுரை போவதற்கு அது எவ்வளவோ மேல்.

தாய்மார்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல வருஷம் தினமும் குடித்தவரை வீட்டிலேயே அடைத்துவைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம். சோற்றில் தெரியாமல் மருந்து கலப்பதும் கூடாது. கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணில் போதை மீட்புக்கு வழி கேட்கலாம்; மனம் உடைந்தால் 14416. உங்களுக்கும் பேச ஆள் வேண்டும். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951-லேயே உண்டானது.

ஆஸ்பத்திரி உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கிவிடும். வீடு திரும்பியபின் வருகிற முதல் சம்பள நாளுக்கு யார் பொறுப்பு? சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர், 1980-இல் மீட்பு மருத்துவமனை தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989-இல் மஞ்சக்குடி என்ற டெல்டா கிராமத்துக்கே போய் முகாம் போட்டது. சொந்த ஊரில் சிகிச்சை, ஊர்க்காரர்களின் ஒத்தாசை. நோயாளியைத் தேடி வைத்தியம் ஊருக்குள் வர முடியும் என்பதற்கு மஞ்சக்குடி சாட்சி.

நான் முகாம்கூடக் கேட்கவில்லை. அண்ணனுக்கு இப்போது முழங்கால் வலி, மதுரைக்குப் போக முடிவதில்லை. பதினோரு வருஷமாகக் குடிக்கவில்லை. குடியை விட நினைக்கிற இரண்டு பேர் அவரைத் தேடி வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். திண்ணை தெருவைப் பார்த்தது. அதனால் அவர்கள் இருட்டிய பிறகுதான் வருகிறார்கள். அவர்கள் கூடிப் பேச ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழரை வரை ஓர் அறை வேண்டும். பத்து நாற்காலி, ஒரு மின்விசிறி, வாசலில் பெயர்ப்பலகை வேண்டாம். பின்பக்கமாக ஒரு வழி இருந்தால் நல்லது. பள்ளிக்கூடமோ சங்கக் கட்டடமோ, யார் பொறுப்பில் இருந்தாலும், இந்தக் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். சாவியை வாங்க நானே வருகிறேன்.