அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர்



செஞ்சிக்கு வடக்கே, தேசூரை ஒட்டி இருக்கிறது சீயமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்து அங்கே ஒரு கோயில் எடுத்தான். அதே மன்னன் செஞ்சி – விழுப்புரம் சாலைப் பக்கம் மண்டகப்பட்டிலும் ஒரு கோயில் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாகக் கல்வெட்டிலும் பொறித்து வைத்தான். இன்றைக்கு நான் பேசப்போகும் கைவேலையிலும் இந்த நான்கும் கிடையாது. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு நான்கும் தெரிய வேண்டும். பழைய ரயில்வே ஸ்டேஷன் ஒன்றை, அது கட்டப்பட்ட காலத்து வரைபடத்தை வைத்து, அட்டையில் சிறிதாகக் கட்டும் வேலை அது.

கட்டுவதற்கு ஒரு ஸ்டேஷன் வேண்டுமே. செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் பாதை வரும் என்ற பேச்சு பல வருடமாக இருக்கிறது. ஆனால் மேற்கே போனால் திருவண்ணாமலை, போளூர், ஆரணி ரோடு என்று விழுப்புரம் – காட்பாடிப் பாதை. தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்து மீட்டர் கேஜ் பாதை அது. இப்போது பிராட் கேஜ்.

மாதிரி கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் நினைப்பது எழும்பூரைத்தான். ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908இல் திறந்த கட்டடம். குவிமாடமும் வளைவுகளுமாக மயக்கும். அல்லது 1856இல் திறந்த ராயபுரம். இரண்டும் வேண்டாம் என்பேன். ராயபுரத்தில் கைவைத்தால் அந்த வரிசைத் தூண்களிலேயே உங்கள் பொறுமை தீர்ந்துவிடும். டிக்கெட் கொடுக்கும் அறை, ஸ்டேஷன் மாஸ்டர் அறை, முன்னால் ஓடு வேய்ந்த தாழ்வாரம், இவ்வளவுதான் இருக்கும் சின்ன கிராமத்து ஸ்டேஷன் போதும்.

உலகம் முழுக்க ரயில் மாதிரி செய்பவர்களிடம் அதிகம் புழங்கும் அளவு 87இல் ஒரு பங்கு. அதில் ஓர் அடி என்பது மூன்றரை மில்லிமீட்டர். நம் பழைய பிளான்கள் அடி, அங்குலத்தில் இருப்பதால் இது பெரிய வசதி. ஏழடிக் கதவு இருபத்துநாலரை மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி பதினொன்றரை வரும். கடையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் ஏறக்குறையப் பொருந்திவிடும்.

பிளான் கையில் கிடைத்ததும் அதன்மேல் ஸ்கேலை வைத்து அளக்காதீர்கள். நூறு வருடக் காகிதம் சுருங்கியிருக்கும்; அதை நகல் எடுத்தபோது இன்னும் கொஞ்சம் இழுபட்டிருக்கும், அதுவும் நீளத்தில் ஒரு மாதிரி, அகலத்தில் ஒரு மாதிரி. எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். எண் அழிந்த இடத்தில் மற்ற எண்களைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கலாம். எலிவேஷன் எனும் முகப்புப் படத்தை எல்லோரும் ஆசையாகப் பார்ப்பார்கள். செக்‌ஷன் எனும் வெட்டுப் படத்தை யாரும் சீண்டுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். சுவர் எத்தனை கனம், கூரை எவ்வளவு சாய்வு, தாழ்வாரம் எவ்வளவு நீட்டல் எல்லாம் அதில்தான் இருக்கிறது.

சுவர்க் கனத்தில்தான் பெரும்பாலான மாதிரிகள் தோற்கின்றன. பழைய சுண்ணாம்புச் சுவர் ஒன்றரை அடி என்றால், மாதிரியில் ஐந்து மில்லிமீட்டருக்கும் மேலே. மெல்லிய அட்டையில் ஜன்னலை வெட்டி அப்படியே நிறுத்தினால் அது கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் இருக்கும். இரண்டு, மூன்று அட்டைகளை ஒட்டிக் கனமாக்கி, ஜன்னலை உள்தள்ளி வையுங்கள். அந்தப் பள்ளத்தில் நிழல் விழுந்ததும் சுவருக்கு எடை வந்துவிடும். மங்களூர் ஓட்டை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டாம். காகிதத்தைப் பட்டை பட்டையாக நறுக்கி, கீழ் வரிசையிலிருந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டிக்கொண்டே மேலே போகலாம். எல்லா ஓட்டுக்கும் ஒரே சிவப்பு அடித்துவிடாதீர்கள். மழை வழிகிற இடத்தில் ஓடு கறுத்திருக்கும்.

நீளத்தில் மட்டும் கொஞ்சம் சமரசம் செய்யலாம். 300 மீட்டர் பிளாட்பாரம் இந்த அளவிலும் மூன்றரை மீட்டர் வரும். நம் வீட்டுக் கூடமே அவ்வளவுதான். பிளாட்பாரத்தைக் குறுக்கினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், கதவு உயரத்தைக் குறைத்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று, பிளான் என்பது இன்ஜினியர் நினைத்தது. கட்டடம் என்பது கொத்தனார் கட்டியது. பிற்பாடு ஒருவர் ஜன்னலை அடைத்திருப்பார், இன்னொருவர் ஓட்டை எடுத்துவிட்டு சிமென்ட் ஷீட் போட்டிருப்பார். ஆகவே எந்த வருடத்து ஸ்டேஷனைக் கட்டுகிறோம் என்று முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். கட்டடம் நின்றால் நேரில் போய்ச் சரிபார்க்கலாம். பாதை அகலமாகும்போதும் புது ஸ்டேஷன் எழும்பும்போதும் பழசு இடிந்துபோனால், பிளானை மட்டும் நம்பவேண்டியதுதான்.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதிரி கட்டுகிறீர்களோ இல்லையோ, உங்கள் ஊர்ப் பக்கம் பழைய ஸ்டேஷன் ஒன்று மிச்சமிருந்தால், ஸ்டேஷன் மாஸ்டரிடம் அனுமதி கேட்டு ஒரு டேப்போடு போங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் படிக்க, பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவர் எழுதிக்கொள்ளட்டும். கதவு, ஜன்னல், சுவர்க் கனம், தாழ்வாரத் தூண், எல்லாவற்றையும் அளந்து, தேதியும் போட்டு வையுங்கள்.