பட்டினியும் ஒரு ஹார்மோனும்

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூலித் தொழிலாளி ஒருவர், மாலையில் காய்ச்சலும் இரவெல்லாம் இருமலுமாக மெலிந்துகொண்டே வருவாரானால், அவரைச் சோதிக்கும் சுகாதார ஊழியர் சளியைப் பரிசோதனைக்கு அனுப்புவதோடு நில்லாமல், எடையையும் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்வது ஏன் என்று சிறிது பார்ப்போம்.

நமது சரீரத்தின் கொழுப்புத் திசுக்கள், 146 அமினோ அமிலங்கள் கோத்த லெப்டின் என்னும் ஹார்மோனைச் சுரந்து, ஆகாரத்தின் இருப்பை மூளைக்கு அறிவிக்கின்றன. 1994-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்த இந்த ஹார்மோன், டி வெள்ளணுக்களின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளிலும் சென்று பொருந்த, அந்த ஸ்பரிசத்தால் உள்ளிருக்கும் நொதிகள் கிளர்ந்து, செய்தி உட்கருவை எட்டி, கிருமியை எதிர்க்கவேண்டிய அணுக்கள் வளர்ந்து பல்கத் தொடங்குகின்றன. பட்டினியிலோ லெப்டின் வீழ்கிறது, அணுக்களும் சோர்கின்றன. பட்டினி கிடந்த எலிகளுக்கு லெப்டினைச் செலுத்தியபோது அணுக்களின் எதிர்ப்புச் சக்தி மீண்டதை 1998-இல் லண்டன் விஞ்ஞானிகள் காட்டினார்கள். பசித்தவரைக் காசம் எளிதில் பற்றுவதற்கு இதுவே முழுக் காரணமன்று. ஆயினும் ஒரு காரணமாகக் கொள்ளத் தக்கது.

2022-இல் தமிழக அரசு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், மிக மெலிந்த நோயாளிகளை ஆரம்பத்திலேயே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்க முயல்கிறது. ஜார்க்கண்டில் நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் வழங்கிய ஆய்வில், அவர்களிடையே புதிதாகக் காசம் தோன்றுவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததென 2023-இல் செய்தி வெளியாயிற்று. அரிசிப் பையையும் சிகிச்சையின் பகுதியாகவே கருதவேண்டும் என்பது என் துணிபு. இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்குமானால், அரசு சுகாதார நிலையங்களில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.