இடாப்பில் பெயர் வேண்டும்

(கொழும்பு வெள்ளவத்தையில் நடைபெற்ற பெற்றோர் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



இம்மண்டபத்தில் வெள்ளவத்தையாரும் கொட்டாஞ்சேனையாரும் ஒருங்கே அமர்ந்திருக்கக் காண்கிறேன். காலபோக வேளாண்மையை வெட்டி முடித்துவிட்டுப் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த வன்னிக் கமக்காரர் சிலரும் பின்வரிசையில் இருக்கிறார்கள். நகரத்துப் பாடசாலையைப் பற்றிய கூட்டத்தில் எமக்கென்ன அலுவல் என்று அவர்கள் எண்ணவேண்டா. பேச்சு முடியுமுன் அவர்களுடைய ஊருக்கும் வருவேன்.

அயலிலுள்ள சிறிய தமிழ் ஆரம்பப் பாடசாலையைப் பெரிய பாடசாலை ஒன்றோடு இணைக்கப்போகிறார்கள் என்ற கதை சில மாதங்களாக அடிபடுகிறது. ஆணை எதுவும் இன்னும் வரவில்லை. அப்பாடசாலையின் பெயரை நான் இம்மேடையிற் சொல்லப்போவதுமில்லை. அதற்குக் காரணம் உண்டு. "மூடப்போகிற பாடசாலை" என்று பெயர் விழுந்துவிட்டால், முதலாந் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்கவிருந்த தாய் மறுநாளே வேறிடம் தேடுவாள். அவளைக் குற்றஞ்சொல்ல எவருக்கும் வாயில்லை. ஆனால், ஆணை செய்யவேண்டிய வேலையை வதந்தியே செய்து முடித்துவிடும். பின்னர் அதிகாரி வந்து இடாப்பைப் புரட்டி, "பிள்ளைகள் இல்லையே!" என்பார். அன்றைக்கு அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

கடல் கடந்தால் மிக அண்மையில் இருக்கும் கேரளத்தில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். கோழிக்கோட்டு நகரில் மலாப்பறம்பு என்றொரு பகுதி. அங்கே நூறாண்டைத் தாண்டிய, அரசாங்க உதவிபெறும் தொடக்கப் பாடசாலை ஒன்று இருந்தது. நிலமும் கட்டடமும் தனியார் முகாமையாளருக்குச் சொந்தம். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. பிள்ளைகளின் தொகை ஆண்டுக்காண்டு குறைந்தது. நகரத்து நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போனது. இலாபமில்லை, மூடப்போகிறேன் என்றார் முகாமையாளர். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், விடுமுறைக் காலத்து இரவொன்றில், மண்வாரி இயந்திரம் வந்து கட்டடத்தை இடித்துத் தள்ளியது.

அயலவர் என்ன செய்தார்கள்? ஒப்பாரி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. காசு சேர்த்தார்கள், கல்லும் சீமெந்தும் சேர்த்தார்கள், விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் யூன் மாதத்துக்கு முன்னர் அதே இடத்தில் வகுப்பறைகளை எழுப்பினார்கள். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய பரம்பரையில் வந்த எமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஆயினும் சட்டம் அவர்கள் பக்கம் இருக்கவில்லை. பாடசாலையை மூட விரும்பும் முகாமையாளர் மே 31இல் முடிவடையும் ஓராண்டு அறிவித்தல் கொடுத்தால் மூடலாம் என்று கேரளக் கல்விச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிற்று. மூடுக என்றே கட்டளை பிறந்தது. 2016 யூன் மாதம் அதிகாரிகள் வந்தபோது சனங்கள் வாசலில் மறித்து நின்றார்கள். ஈற்றில் கட்டளைக்குப் பணிந்து கதவு பூட்டப்பட்டது. பிள்ளைகளை எங்கே கொண்டுபோனார்கள் தெரியுமா? மாவட்ட ஆட்சியரின் அலுவலகத்துக்கு! அங்குள்ள மண்டபமொன்றில் அவர்களுக்கு வகுப்பு நடந்தது. அதே மாதத்தில் கேரள அமைச்சரவை, மலாப்பறம்பு உட்பட நான்கு பாடசாலைகளை நட்டஈடு கொடுத்து அரசாங்கமே கையேற்பதென்று தீர்மானித்தது. இன்று அது அரசாங்கப் பாடசாலை.

இந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டுவது எளிது. நான் சட்டம் படித்தவன். எனக்கு வேறொன்று கண்ணிற் படுகிறது. கட்டடத்தை எழுப்பியவர்கள் சனங்கள். ஆனால் பாடசாலையைக் காப்பாற்றியது நிலத்தின் உறுதி கைமாறிய அந்த ஒரு நிகழ்ச்சியே. அவர்கள் எழுப்பிய சுவர் பிறர் காணியில் நின்றது. நீதிமன்றம் காணி யாருடையது என்று கேட்கும். கல் சுமந்தவர் யாரென்று கேளாது. இரண்டு ஆண்டுப் போராட்டம் செய்த பெரும் உதவி யாதெனில், அரசாங்கம் மனம்மாறும் வரைக்கும் பிள்ளைகள் கலைந்து போகாமல் அவர்களை ஓரிடத்தில் வைத்திருந்தமைதான்.

எமது நாட்டின் நிலை வேறு. கேரளத்தில் 1957இல் வந்த கல்வி மசோதா தனியார் முகாமையாளர்களை ஒழுங்குபடுத்த முயன்றது. அதை எதிர்த்தெழுந்த கிளர்ச்சியின் முடிவில் 1959 யூலையில் அம்மாநில அரசே கலைக்கப்பட்டது. முகாமையாளர் நிலைத்தார். அடுத்த ஆண்டு இலங்கையில் நடந்ததோ நேர்மாறு. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உதவிபெறும் பாடசாலைகளின் முகாமையை அரசாங்கத்தின் கையில் கொடுத்தது. 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் அவற்றின் நிலத்தையும் கட்டடத்தையும் முடிக்கு உரித்தாக்கியது. கொழும்பிலும் மேற்குக் கரையோரத்திலும் கத்தோலிக்கப் பெற்றோர் இரவு பகலாகப் பாடசாலைகளுக்குள் குடியிருந்து மறித்ததைக் கொட்டாஞ்சேனை முதியோர் இன்றும் சொல்வார்கள். பம்பாயிலிருந்து கருதினால் கிரேசியஸ் வந்து சமாதானம் பேசும் அளவுக்கு அது முற்றியது. சைவச் சபைகளின் பாடசாலைகளும் அவ்வாறே அரசாங்கத்திடம் போயின.

அது நன்றோ தீதோ என்ற வாதத்தை இன்று நான் எடுக்கவில்லை. (அதை எடுத்தால் தலைவர் அவர்கள் மணியடிப்பார்.) அதன் விளைவு ஒன்றே எனக்கு வேண்டியது. எமது பாடசாலைக் காணியை விற்க இங்கே முகாமையாளர் இல்லை. மண்வாரி இயந்திரமும் இரவில் வராது. ஆனால், மூடுவதற்கு முன் ஓராண்டு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்ற அந்தக் காப்பும் எமக்கில்லை. மலாப்பறம்பில் எதிரி கண்ணுக்குத் தெரிந்தான். இங்கே ஒரு கடிதம் வரும்: "நிருவாக வசதி கருதி இணைக்கப்படுகிறது." அவ்வளவே. சுவர் அப்படியே நிற்கும், மணி மாத்திரம் அடிக்காது.

அரசியலமைப்பு எமக்குத் துணையில்லையா என்று கேட்பீர்கள். 27ஆம் உறுப்புரையில், எல்லோருக்கும் எல்லா நிலையிலும் கல்வியில் சமவாய்ப்பு உறுதிசெய்யப்படவேண்டும் என்று அழகாக எழுதியிருக்கிறது. 29ஆம் உறுப்புரையோ அதை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று சொல்லிவிடுகிறது. எனவே நாம் 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையைப் பிடித்துக்கொண்டு உயர் நீதிமன்றம் ஏறவேண்டும். அல்லது ஆணையை நீக்கும் எழுத்தாணை கேட்டு வழக்கிடவேண்டும். அடிப்படை உரிமை மனுவுக்குக் காலம் ஒரு மாதம். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது. இதை வீட்டுச் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

விரைந்து போனால் நீதிமன்றம் விரைந்து கேட்கும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. 2007 யூன் 7ஆந் திகதி கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மனுவோடு போனவர்கள் ஒரு நாளையேனும் வீணாக்கவில்லை.

நான் வீணாக்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வன்னிக்கு வருவேன் என்றேன். போர் முடிந்து மீள்குடியேறிய சிற்றூர் ஒன்றிலிருந்து மூன்று கமக்காரர் என் கந்தோருக்கு வந்தார்கள். திரும்பி வராத குடும்பங்கள் பல. ஆதலின் அவ்வூர்ப் பாடசாலையில் பிள்ளைகள் குறைவு. ஐந்து கட்டைக்கு அப்பாலுள்ள பாடசாலையோடு இணைத்தாயிற்று என்று கடிதம் வந்து பத்து நாளாகியிருந்தது. அந்தப் பாதையில் மாலையில் யானை கடக்கும். நான் இளையவன், கடிதத்தில் நம்பிக்கை மிகுந்தவன். "முதலில் எழுதிப் பார்ப்போம்" என்றேன். சம்பந்தப்பட்ட பணிமனைக்கு எழுதினேன். "தங்கள் கடிதம் கவனத்துக்கு எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். ஒரு மாதம் கழிந்துபோயிற்று. எழுத்தாணை வழக்கைப் பற்றி யோசிக்கத் தொடங்கியபோது, கோரவேண்டிய பெற்றோரில் பாதிப்பேர் பிள்ளைகளை உறவினர் வீடுகளுக்கு அனுப்பியிருந்தனர். முதலில் படிப்பை விட்டவர்கள் பெண்பிள்ளைகள். அந்த மூவரில் ஒருவர் இன்றும் வருடந்தோறும் எனக்கு ஒரு மூட்டை அரிசி அனுப்புகிறார். அவர் என்னைக் குறைசொன்னதில்லை. அந்த அரிசியைக் காணும்போதெல்லாம் அதுதான் எனக்கு வருத்தம்.

இனி நகரத்தார்க்கு ஒரு வார்த்தை, கசக்கும், பொறுத்தருள்க. இந்தப் பாடசாலையின் பிள்ளைகளை யார் கொண்டுபோனார்? காலை ஆறு மணிக்குக் காலி வீதியில் நின்று பாருங்கள். ஒழுங்கைக்கு ஒரு வான் வரும். உறக்கம் கலையாத ஆறு வயதுப் பிள்ளையை ஏற்றிக்கொண்டு அயற்பாடசாலை வாசலைக் கடந்து போகும். சிலர் பெயர்பெற்ற பாடசாலைக்கு. சிலர் காசு கட்டிப் படிக்கும் சர்வதேசப் பாடசாலைக்கு. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் எத்தனை பேரைத் தேறவைத்தது என்பதே ஓர் ஆரம்பப் பாடசாலைக்கு அளவுகோலாகிவிட்டது. மேடையிலிருக்கும் நாங்களும் விதிவிலக்கல்லேம். என் மூத்த மகன் வானிற் போனவன். இளையவளை இங்கே சேர்த்தபோது வீட்டில் மூன்று நாள் வழக்கு நடந்தது. அதில் நான் வென்றேன் என்று சொல்வதற்கில்லை, என் தாயார் வென்றார். "பிள்ளை நடந்து போய் நடந்து வரட்டும்" என்றார், அவ்வளவே.

மூடவேண்டும் என்போர் எல்லோரும் தீயவர் அல்லர். ஐந்து தரத்துக்கு இரண்டு ஆசிரியர், விளையாடத் தோழரில்லை, ஆங்கிலத்துக்கு ஆளில்லை என்றால் அப்பிள்ளைக்கு அநீதி நடக்கிறது. அத்தகைய பாடசாலையைத் தமிழின் பெயரால் திறந்து வைத்திருப்பது பெருமையாகாது. ஆனால், முதலில் ஆசிரியரை இடமாற்றி, வெற்றிடத்தை நிரப்பாமல் விட்டு, பிள்ளை குறைந்ததும் அந்தக் குறைவையே காரணங் காட்டி மூடுவது வேறு. எமது பாடசாலையில் இவற்றில் எது நடந்திருக்கிறது என்பதை நாம் ஊகத்தாற் பேசக்கூடாது, கடதாசியோடு பேசவேண்டும். எத்தனை ஆசிரியர் அனுமதிக்கப்பட்டார்கள், எத்தனை பேர் உள்ளார்கள், வெற்றிடம் எந்நாள் தொட்டு, இணைப்பைப் பற்றி எவர் எவருக்கு எழுதினார்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால், கொடுப்பதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் முடிவுசெய்யவேண்டும். கணக்குப் பாருங்கள்: 14 வேலைநாள் என்றால் ஏறக்குறைய மூன்று வாரம். ஆணை வந்தபிறகு கேட்டால், எமக்குள்ள ஒரு மாதத்தில் முக்கால் பங்கு அதிலேயே போய்விடும். ஆகவேதான் ஆணை வருமுன் கூடியிருக்கிறோம்.

1983 யூலையில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிகளுக்குத் தங்குமிடமானதை இங்குள்ள மூத்தோர் பலர் கண்டவர்கள். சிலர் அதன் தரையில் படுத்தவர்கள். பாடசாலை என்பது பாடம் நடக்கும் இடம் மட்டுமோ என்பதை அவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை.

வாசலருகே உள்ள மேசையில் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறோம். ஒன்று தகவல் கோரும் விண்ணப்பம். அதில் பாடசாலையில் இப்பொழுது படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் மூவர் கையொப்பமிட்டாற் போதும். நாளைக் காலை நானே கொண்டுபோய்க் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கி வருவேன். மற்றது வெறுந்தாள். இந்த ஒழுங்கைகளில் நாலு வயது முடிந்த பிள்ளை உள்ள வீட்டார், அடுத்த ஆண்டு முதலாந் தரத்துக்கு இங்கே அனுப்பச் சம்மதமானால், பிள்ளையின் பெயரையும் பிறந்த திகதியையும் எழுதுங்கள். சம்மதமில்லையெனில் எழுதவேண்டா, கூச்சத்துக்காக எழுதும் பெயர் நீதிமன்றத்தில் உதவாது. பின்வரிசையிலுள்ள கமக்காரர் தத்தம் ஊர்ப் பாடசாலையின் இடாப்புத் தொகையைக் கேட்டறிந்து எனக்கு எழுதினால், இம்முறை நான் கடிதம் எழுதிக்கொண்டு காத்திரேன்.

அடுத்த கூட்டம் வருகிற செவ்வாய் மாலை ஆறு மணிக்கு, இதே மண்டபத்தில்.